வாசலில் சிக்கிய அலமாரி

பெருமழை பெய்யும் மாதங்களில் மர அலமாரியை எந்த வாசலுக்குள்ளும் நுழைக்கக் கூடாது. சான்சிபார் கல் நகரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் மரம், விருந்துச் சாப்பாடு சாப்பிட்டவன் வயிறு மாதிரி உப்பிவிடும். வுவாய்க்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அவன் பிழைப்பே மரத்தோடுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளை தன் அறையைக் கட்டிலும் அலமாரியுமாக நிரப்பி வைக்காவிட்டால், பெண்ணின் அத்தைமார்கள் வந்து பார்த்துவிட்டு, "தரையில படுக்கவா எங்க பொண்ண வளத்தோம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார்கள்.

கூரை இடிந்து விழும் பழைய வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியேறும்போது வுவாய் அங்கே போய் நிற்பான். அடுப்புக்கு என்று அவர்கள் ஒதுக்கியதை வீட்டுக்கு என்று தூக்கி வருவான். வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குப் பாலிஷ் ஏற்றி, புதுசு வாங்க முடியாதவர்களுக்கு விற்பான். இந்த அலமாரி ம்குனசினித் தெருவில் ஒரு கொல்லையில் கோழிக்கூடாக இருந்தது. "கோழிங்களுக்கு வேற கூடு செஞ்சு குடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்றாள் வீட்டுக்காரி. அப்படியே செய்தான். எச்சத்தைச் சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து தேக்கு வந்தது. முன்கதவுகளில் மாதுளம் பழங்கள் செதுக்கியிருந்தன. கண்ணில் பட்ட மறுகணமே, இதை விற்பதில்லை, இது கல்யாணப் பெண் ரிஸிக்கிக்கு என்று முடிவு செய்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் ஓய்ந்தபோது, கைவண்டிக்காரன் சிலிமா வெளியேயிருந்து தள்ள, வுவாய் உள்ளேயிருந்து இழுக்க, மூன்றாம் மாடியில் இருந்த அவன் ஒற்றை அறையின் வாசலுக்குள் அலமாரி பாதி நுழைந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"சிலிமா, நீ பின்னால இழு."

"இழுத்துகிட்டுதான் இருக்கேன். அது என்னைத்தான் உள்ள இழுக்குது."

முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. இரண்டு பக்கமும் நிலைக்கால், மேலே உத்தரம், எல்லாம் இறுகிப் பிடித்துக்கொண்டன. அலமாரிக்குக் குட்டைக் கால்கள் இருந்ததால் அடியில் மட்டும் நாலு விரல் இடைவெளி. வுவாய் தரையில் படுத்து அதன் வழியாகப் பார்த்தான். சிலிமாவின் சேறு படிந்த பாதங்கள் தெரிந்தன.

"பயப்படாத. முளையத் தட்டினா அலமாரி துண்டு துண்டாக் கழண்டுடும். கீழ பட்டறையில மரச்சுத்தி, அந்தக் கொட்டாப்புளி இருக்கு, எடுத்துட்டு வா."

பாதங்கள் போயின. சிலிமா நல்லவன். ஆனால் ஒரு சங்கதியைக் காப்பிக் கடையில் சொல்லாமல் தாண்டிப் போக அவனால் முடியாது. அன்றைக்கு அந்தக் கடையில் மாண்பு வாரியத்தின் மரச்சாமான் பிரிவுத் தலைவர் அமூர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தீவின் பழம்பொருள்களுக்கு மாண்பு சேர்ப்பதற்காக ஏற்பட்ட அந்த வாரியம் அந்த வருடம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் அவருக்குக் காப்பி கசந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அலமாரிக்கு அடியில் கூர்மூக்கு ஷூ ஒன்று வந்து நின்றது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு.

"ஆஹா" என்றது குரல். "ஆஹா!"

"யாருங்க அது?"

"மாண்பு வாரியம். மரச்சாமான் பிரிவு, அமூர். பேசறது யாரு?"

"நான் வுவாய்ங்க. உள்ள இருக்கேன்."

"எந்த நூற்றாண்டு?"

"என்னங்கய்யா?"

"நீங்க எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர்னு கேட்டேன்."

"போன மாசம்தாங்க முப்பது முடிஞ்சுது."

அவருக்கு அவன்மேல் இருந்த அக்கறை போய்விட்டது என்பது ஷூ திரும்பிய விதத்திலேயே தெரிந்தது. அரக்கு உருக்கும் வாசனை வந்தது. அலமாரிக் கதவுகளுக்கு முத்திரை வைக்கிறார்கள் என்று சிலிமா கத்தினான்.

"ஐயா, அது என் அலமாரி. கோழிக்கூடா கெடந்தது. நான் எடுத்துச் சரி பண்ணினேன்."

"ரொம்ப நன்றி" என்றார் அமூர். "தம்பி, எங்க வாரியத்துக்குப் பழம்பொருள் வாங்க வசதி கிடையாது. இருக்கறதச் செப்பனிட ஆளும் கிடையாது. உங்கள மாதிரி இல்லாதப்பட்டவங்க குப்பையில தேடி எடுத்து, உசிரக் குடுத்து தேச்சு, நல்லா ஆக்கி வெக்கிறீங்க. அதுக்கப்புறம் நாங்க கண்டுபிடிக்கிறோம். எல்லா வருஷமும் இதான் நடைமுறை."

"முளைய மட்டும் கழட்டிக்கறேனுங்க. நான் வெளிய வரணுமில்ல?"

"கழட்டலாமே! அனுமதி தர்றேன். நாலு பக்கமும் நான் பார்வையிட்டுட்டா உடனே தந்துடுவேன். பின்பக்கம் எங்க இருக்கு?"

"அது இங்க, என் பக்கம் இருக்குங்க. நல்லா இருக்கு. வெறும் பலகைதான்."

"நீங்க சொல்லக் கூடாது. நான் பாக்கணும்."

"அப்ப உள்ள வாங்க."

"எப்படி வர்றது? வழியில அலமாரி இருக்கே."

வுவாய் நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டான். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. கீழே மூன்று மாடி ஆழத்தில் தெரு. குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் அறையோடு இருந்ததற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

"அப்படின்னா நிலைக்கால ஒரு விரக்கடை இழைச்சுக்கலாமுங்களா?"

ஷூ இரண்டும் ஒட்டிக்கொண்டன. "நிலைக்காலா? அது கதவுப் பிரிவு. அந்தம்மாகிட்ட நான் பேசறதில்ல."

கதவுப் பிரிவுத் தலைவி துவைபாவும் அமூரும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். கதவு என்பது நகராத மரச்சாமான், ஆகவே அது தன் பிரிவுக்கே சேரும் என்று அமூர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அலமாரி என்பதே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்ட கதவுதான், ஆகவே அது தன் பிரிவுக்கு வரவேண்டும் என்று துவைபா பதில் சொன்னார். அன்றிலிருந்து இருவரும் ஒரே மாடிப்படியை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்துகிறார்கள்.

மறுநாள் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று வந்தது. கூடவே ஊதுபத்தி மணமும் வந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றான் வுவாய், தரையில் கன்னத்தை வைத்தபடி. "நிலையில கொஞ்சூண்டு இழைச்சா போதும். நானே திரும்ப ஒட்டிக் குடுத்துடறேன்."

"இந்த நிலையில செதுக்கியிருக்கற பேரீச்சை ஓலைய நீங்க பாத்திருக்கீங்களா?"

"தெனம் பாக்கறதுதாங்க. என் வீட்டு வாசல்."

"அதான் தப்பு" என்றார் துவைபா வருத்தத்தோடு. "ஜனங்க வாசல வாசலா நெனைக்கறாங்க. உள்ள போறாங்க, வெளிய வர்றாங்க. தோள்பட்டை உரசி, கூடை உரசி, பாதி வாசல் பாழாப் போச்சு. என் உத்தியோகத்துல யாரும் நடக்காத வாசல் ஒண்ணாவது பாக்கணும்னு எனக்கு ஆசை. இன்னிக்குப் பாத்துட்டேன். நீங்க பெரிய உதவி பண்ணியிருக்கீங்க."

செருப்பு போய்விட்டது. மணம் மட்டும் சாயங்காலம்வரை அங்கேயே நின்றது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு வந்தது. பாதங்களில் மருதாணி பாதி போட்டிருந்தது, மீதியை வியாழக்கிழமை போடுவார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற ரிஸிக்கியின் காலை வுவாய் அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"என்ன மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமையும் உள்ளதானா?"

"ரிஸிக்கி, இவங்க விட மாட்டேங்கறாங்க."

"உடைச்சுட்டு வா."

"உடைச்சா சிறைன்னு சொல்றாங்க."

"சிறையிலயாவது அப்பப்ப கதவத் திறப்பாங்க."

வுவாய் பலகையைத் தடவினான். "அது மட்டும் இல்ல. இத உடைக்க எனக்குக் கை வரல."

"என்னை உடைக்க மட்டும் வருதாக்கும்" என்றாள். ஆனால் உட்கார்ந்து, சப்பாத்தியையும் பேய்க்கணவாய்க் குழம்பையும் தட்டில் வைத்து அடியில் தள்ளினாள். ஒரு மாம்பழத்தையும் தள்ளிப் பார்த்தாள். அது நுழையவில்லை. எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை. "இந்தப் பழத்துக்கு இருக்கற வைராக்கியம் உனக்கு இருந்திருந்தா நீயும் உள்ள போயிருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. ரிஸிக்கியின் அப்பா கொம்போ, துறைமுகத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தில் இல்லாத மாப்பிள்ளை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "அலமாரிக்குப் பின்னால இருக்கறவனுக்கு எல்லாம் பொண்ணு தர முடியாது. மழை நிக்கிறதுக்குள்ள வெளிய வரலன்னா, சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன் கேட்டுகிட்டிருக்கான்" என்று சிலிமாவிடம் சொல்லி அனுப்பினார்.

மழை நிற்பதற்குள் வாரியத்தின் கூட்டு அமர்வு நடந்தது. வுவாயின் மாடிப்படியில், சமோசாவோடு நடந்தது. பேசிக்கொள்ளாத இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துப் பேசினார்கள். அலமாரியை எடுத்தால் கதவுக்குப் பங்கம், கதவை இழைத்தால் அலமாரிக்குப் பங்கம். கடைசியில், இது கதவும் இல்லை, அலமாரியும் இல்லை, இரண்டும் ஒன்றான புதியதொரு பழம்பொருள் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குக் கதவலமாரி என்று பெயர் வைத்தார்கள்.

அமூர் உரையாற்றினார். "நம் முன்னோர்கள் திருடனுக்குப் பயந்து வாசலையே அலமாரியால் அடைத்து வாழ்ந்தார்கள். அந்த வழக்கத்திற்கு இதுவரை ஆதாரம் கிடைத்ததே இல்லை. ஆதாரம் இல்லாததால் அந்த வழக்கமே இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. இன்று இரண்டையும் ஒருசேரக் கண்டுபிடித்திருக்கிறோம்!"

எல்லாரும் கை தட்டினார்கள்.

"முன்னோர்கள் எப்படிங்க வெளிய வந்தாங்க?" என்று அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்ல கேள்வி" என்றார் துவைபா. "ஆராய வேண்டியது. அதனாலதான் உள்ள ஒருத்தர் இருக்கறது அவசியம்."

அப்படித்தான் வுவாய் அரசாங்க ஊழியனானான். பித்தளை வில்லை வைத்த தொப்பி ஒன்றை அடியில் தள்ளினார்கள். கதவலமாரியின் உட்பக்கக் காவலர் என்பது பதவி. வெளிப்பக்கத்தில் சிவப்புக் கயிறு கட்டி, சிலிமாவை நுழைவுச் சீட்டு கொடுக்க உட்கார வைத்தார்கள். பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்களுடைய செருப்புகளையும் சப்பாத்துகளையும் பார்த்துப் பார்த்து, எந்தக் கால் தொட நினைக்கிறது என்று வுவாய்க்குத் தெரிய ஆரம்பித்தது. கால் முன்னால் நகர்ந்தால், "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று உள்ளேயிருந்து சொல்ல வேண்டும். அது அவன் வேலை. அப்போதெல்லாம் வெளியே யாராவது வீறிட்டார்கள். அது பார்வையாளர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முதலில் ஓடி வந்தவர் கொம்போதான்.

"மருமகனே! அரசாங்க உத்தியோகமாமே!"

"மாமா, என்னால வெளிய வர முடியாது."

"அரசாங்க உத்தியோகத்துல உக்காந்தவன் எவன் வெளிய வந்திருக்கான்? நான் துறைமுகத்துல கடைசிவரைக்கும் ஒரே நாற்காலி. கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு வீட்டுக்கு வந்துதான் கேப்பேன்." அலமாரியைத் தட்டப் போய், கையை மரியாதையாக இழுத்துக்கொண்டார். "கல்யாணத்த நடத்திடலாம். குமாஸ்தாவுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

கல்யாணத்தை நடத்துவதில் சின்னச் சிக்கல் இருந்தது. மருமகன் வெளியே வர வேண்டும், அல்லது பெண் உள்ளே போக வேண்டும். எதற்கும் வாரியத்தின் சம்மதம் வேண்டும். ரிஸிக்கி நேரே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை அன்று மாலை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, அமூரின் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"'பெண்ணே, அந்த அறை இப்ப பாதுகாக்கப்பட்ட இடம். நூறு வயசுக்குக் கொறஞ்ச எதையும் புதுசா உள்ள வெக்க விதி இல்ல.' நான் கேட்டேன், 'ஐயா, நான் என்ன நாற்காலியா?' அதுக்கு அவரு, 'நாற்காலியா இருந்தா விதிவிலக்கு கேக்கலாம்'னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள எனக்கு நூறு ஆயிடும்னேன். அவரு முகமெல்லாம் மலர்ந்து போச்சு. 'அப்ப வாங்கம்மா, அப்ப ஒரு தடையும் இல்ல'ன்னாரு."

வுவாய் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மாதுளம் பழத்தைப் பார்க்கலாம் என்று எழுந்து ஒரு காலை முன்னால் வைத்தாள்.

"தயவுசெய்து தொடாதீர்கள்" என்றான் வுவாய்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. நீலப் பட்டைச் செருப்பு அப்படியே நின்றது. ஒரு விரல்கூட அசையவில்லை. பிறகு திரும்பி, மெதுவாகப் படி இறங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சிலிமாதான் தட்டைத் தள்ளினான். கேட்டால், "தையல் வேலை ஜாஸ்தியாம்" என்றான், பொய் சொல்லும்போது அவனுக்கு வரும் இருமலோடு. வுவாய் கட்டிலில் உட்கார்ந்து அலமாரியின் முதுகையே பார்த்தான். தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்த மாதுளம் பழங்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. பாலிஷ் காணாத பின்பலகை மட்டும் அவனுக்கு. ஊரில் சீட்டு வாங்கியவன் எல்லாம் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான். வுவாய் தொப்பியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தான். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ படியேறும் சத்தம் கேட்டதும், குனிந்து தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

மழை ஓய்ந்தது. தென்காற்று அடிக்க ஆரம்பித்தது. குளிர்ந்த, வறண்ட காற்று. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, உதடு வெடித்தது. ஒரு நாள் மதியத் தொழுகை முடித்து எழுந்தவன் வழக்கம்போல அலமாரியில் கையை ஊன்றினான். அலமாரி 'கிர்' என்று ஒரு முனகல் முனகி, ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்தது.

வுவாய் கையை எடுத்துவிட்டான். சுற்றிலும் பார்த்தான், யாரோ பார்த்துவிட்டது போல. வெளியே போனால் பதவி போகும். பதவி போனால் கொம்போ பெண் தர மாட்டார். அறையும் போகும், கட்டிலும் போகும், இந்த அலமாரியும் போகும். உள்ளேயே இருந்தால் எல்லாம் இருக்கும், அவள் மட்டும் இருக்க மாட்டாள். தரையில் படுத்து அடியில் வாயை வைத்துக் கத்தினான்.

"சிலிமா! ரிஸிக்கியக் கூட்டிட்டு வா. தையல் மெஷினோட தூக்கிட்டு வந்தாலும் சரி."

அவள் வந்தாள். செருப்பு கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றது.

"என்ன காவலரே?"

"அலமாரிய அந்தப் பக்கமா பிடிச்சு இழு."

"தொடலாமா ஐயா?"

"தொடு" என்றான். "ரிஸிக்கி, தொடு."

அவளும் சிலிமாவும் இழுக்க, அவன் தள்ள, அலமாரி எந்த வாரியத்தையும் கேட்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் கிடைத்த சந்தில் வுவாய் உடம்பை ஒடுக்கி நுழைந்து நடைவழிக்கு வந்து நின்றான். வெளிச்சத்தில் கண் கூசியது. ரிஸிக்கிக்கு முகம் இருந்தது. இத்தனை நாள் காலோடு பேசியவன் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல், "எளைச்சுட்ட" என்றான்.

"நீ வெளுத்துட்ட, மாவு மாதிரி."

கீழே படியில் சத்தம் கேட்டது. சிலிமா எட்டிப் பார்த்து, "வாரியம்! விருந்தாளிங்களோட!" என்றான். மூவரும் சேர்ந்து அலமாரியை முட்டித் தள்ளி வாசலுக்குள் பழையபடி நிறுத்திய நேரத்தில், கூர்மூக்கு ஷூவும் உயர்ந்த குதிகாலும் மேலே வந்துவிட்டன. அவற்றுக்கு மேலே இரண்டு முகங்கள் இருப்பதை வுவாய் முதல் தடவையாகப் பார்த்தான். அமூர் அவன் நினைத்ததைவிடக் குள்ளம்.

"யாருப்பா நீ? கயித்துக்கு உள்ள என்ன வேலை?" என்றார் அமூர்.

வுவாய் வாயைத் திறந்தான். நான்தான் காவலர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி உள்ளே விட்டுவிடுவார்கள், பதவி, அறை, அலமாரி எல்லாம் கையில் இருக்கும். மாதுளம் பழங்கள் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே மின்னின. அமூர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அடையாளம் கண்டுகொண்ட சாயல் கொஞ்சம்கூட இல்லை.

"வேடிக்கை பாக்க வந்தோமுங்க."

"காவலர் எங்க? சத்தத்தையே காணோமே?"

"உள்ள தூங்கறாருங்க" என்றான் வுவாய். "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தாராம். பாவம்."

அமூர் உதட்டில் விரலை வைத்து விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தார். "சத்தம் வேண்டாம். எங்கள் ஊழியர் ஓய்வெடுக்கிறார்" என்று கிசுகிசுத்தார். துவைபா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எல்லாரும் பூனை மாதிரி அடியெடுத்து வைத்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பூனை மாதிரியே இறங்கிப் போனார்கள்.

கல்யாணம் அந்த வாரமே நடந்தது. பிலாவ் சோறு சாப்பிடும்போதுதான் கொம்போவுக்கு உறைத்தது.

"நீ இங்க இருக்கியே, உத்தியோகம்?"

"அது நடந்துகிட்டுதான் இருக்கு மாமா."

கொம்போ யோசித்தார். நெடுங்காலம் அரசாங்கத்தில் இருந்தவர் என்பதால் அதில் தவறாக அவருக்கு எதுவும் படவில்லை. இன்னும் கொஞ்சம் பிலாவ் போட்டுக்கொண்டார்.

புது ஜோடி ரிஸிக்கியின் தையல் அறையில் பாய் விரித்துக் குடித்தனம் தொடங்கியது. அத்தைமார்கள் கேட்க வேண்டியதைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்கள். வுவாய் மறுபடியும் இடிந்த வீடுகளைத் தேடிப் போனான். நல்லதாக எது கிடைத்தாலும், பாலிஷ் போடாமல் வைக்கப் பழகிக்கொண்டான்.

வருட முடிவில் வாரியம் தன் சிறந்த ஊழியருக்குப் பதக்கம் அறிவித்தது. விழா அந்த மாடிப்படியிலேயே நடந்தது. ஒரு நாள் விடுப்பு இல்லை, ஒரு குறை சொன்னதில்லை, சம்பள உயர்வு கேட்டதில்லை, சமீப காலமாக உணவுகூடக் கேட்பதில்லை என்று அமூர் அடுக்கினார். "நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஓர் அரசு ஊழியருக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?"

காவலரின் மாமனார் என்ற முறையில் கொம்போ முன்னால் அழைக்கப்பட்டார். புதுச் சட்டையில் வந்து, குனிந்து, பதக்கத்தை அலமாரிக்கு அடியில் தள்ளினார். அது தரையில் உரசிக்கொண்டு உள்ளே போய் எதிலோ இடித்து நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அமூர் பலகையில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பேச முடியாம தழுதழுக்கறார்" என்றார்.

கைதட்டலில் படியெல்லாம் அதிர்ந்தது. கடைசிப் படியில் நின்றிருந்த வுவாய் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். ரிஸிக்கி அவன் இடுப்பில் கிள்ளி, "போதும், ரொம்பப் பீத்திக்காத" என்றாள்.